ஆற்று மீனுக்கு ஒரு படிப்பா?

சென்ற இதழில் ‘மீன்வளப் படிப்பு, ஆற்றுப் பாதுகாப்பு பற்றி எதுவும் கேட்கலாம்’ என்று ஆசிரியர் ஒரு கட்டம் கட்டிப் போட்டுவிட்டார். இவ்வளவு கடிதங்கள் வரும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஈரோடு பக்கம் குடியிருக்கிறேன். கடல் மீன், இறால் பண்ணை பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். என் காலமெல்லாம் காவிரி, பவானி, மோயாறு என்று நல்ல தண்ணீரிலேயே போய்விட்டது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

வீட்டுக்குப் பின்னாலேயே காவிரி. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்கிறேன். மீன்வளம் படிக்கிறேன் என்றால் அப்பா, “மீன் பிடிக்க யாராவது காலேஜ் போவாங்களா?” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
*- பிளஸ் டூ மாணவி, ஜேடர்பாளையம்*

மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள காலேஜ் வேண்டாம் என்பதில் அப்பா சொல்வது சரிதான் கண்ணு. அதை உங்கள் ஊர் பரிசல்காரர் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார். எந்த மீனை, எந்த மாதத்தில், எந்த அளவில் பிடித்தால் அடுத்த வருஷமும் மீன் இருக்கும் என்று கணக்குப் போடத்தான் காலேஜ். அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பார்.

படிப்பின் பெயர் பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம். நான்கு வருடம், எட்டு செமஸ்டர். தமிழ்நாட்டில் இதற்குத் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. 2012-இல் தொடங்கியது, தலைமையிடம் நாகப்பட்டினம். தூத்துக்குடி கல்லூரி அதைவிட மூத்தது, 1977-இல் வந்தது. பொன்னேரியிலும் தலைஞாயிற்றிலும் கல்லூரிகள் உண்டு. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இந்தப் படிப்புக்கும் பொருந்தும். நீ அரசுப் பள்ளி என்றால் அதை விட்டுவிடாதே. விண்ணப்பம் இணையத்தில் வரும். பொறியியல், மருத்துவக் கலந்தாய்வுப் பரபரப்பில் அந்தத் தேதியைக் கோட்டைவிடுகிறவர்கள் அதிகம், கவனமாக இரு.

அடுத்து அப்பா வேலையைப் பற்றிக் கேட்பார். டி.என்.பி.எஸ்.சி. மூலம் மீன்வள ஆய்வாளர், உதவி இயக்குநர் பதவிகள் வரும். வங்கிகள் வேளாண் கள அலுவலர் எடுக்கும்போது மீன்வளப் பட்டமும் செல்லும். ஆந்திராவின் பீமாவரம் பக்கத்தில் பண்ணைகளும் தீவனக் கம்பெனிகளும் வரிசையாக இருக்கின்றன, அங்கே நம் பிள்ளைகள் நிறையப் பேர். மேலே படித்து ஏ.ஆர்.எஸ். என்ற வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வில் ஜெயித்தால் மத்திய ஆராய்ச்சி நிலையங்களில் விஞ்ஞானி ஆகலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்ததாக நினைக்கக் கூடாது. பாடத்திட்டத்தில் வளர்ப்பு, பதப்படுத்துதல், தீவனம், மீன் நோய், கடல் எல்லாம் வரும். ஓடுகிற ஆறு அதில் ஒரு மூலையில்தான் இருக்கும். சம்பளம் கொடுக்கிற தொழில் எங்கே இருக்கிறதோ பாடமும் அங்கேதான் சாயும். ஆறுதான் வேண்டும் என்றால் எம்.எஃப்.எஸ்சி.யில் நீர்வாழ் சூழல் மேலாண்மையோ மீன்வள ஆதார மேலாண்மையோ எடு. மும்பையில் 1961 முதல் இயங்கும் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தை ஒரு குறியாக வைத்துக்கொள். பி.எஃப்.எஸ்சி. இடம் கிடைக்காவிட்டால் விலங்கியல் படித்தும் இந்தப் பக்கம் வரலாம். அடுத்த கடிதம் அப்படி ஒருவருடையதுதான்.

எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். ஆற்று மீன் ஆராய்ச்சி என்றால் தினமும் என்னதான் செய்வார்கள்? நொய்யலில் ஆராய்ச்சி செய்ய முடியுமா?
*- மாணவர், திருப்பூர்*

ஒரு களப்பணி நாளைச் சொல்கிறேன் தம்பி. பிடித்தால் வாருங்கள்.

விடிவதற்கு முன்பே ஆற்றங்கரையில் இருக்க வேண்டும். நீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது அந்த நேரத்தில்தான். ராத்திரி முழுக்கப் பாசியும் செடியும்கூட மூச்சு விடும், வெளிச்சம் இல்லாததால் திருப்பித் தராது. மத்தியானம் அளந்தால் எந்தக் குட்டையும் நல்ல குட்டையாகத்தான் தெரியும். இப்போது கையில் பிடிக்கிற மீட்டர் வந்துவிட்டது. இருந்தாலும் பழைய விங்க்ளர் முறையைக் கற்றுக்கொள்ளாமல் என்னிடம் யாரும் தப்பியதில்லை. பாட்டிலில் இரண்டு திரவங்களை விட்டுக் குலுக்கினால் பழுப்பாகப் படியும். வெள்ளையாகவே நின்றால் அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. மீட்டரின் எண்ணைப் பார்த்து நம்பாத பஞ்சாயத்துத் தலைவர்கூட அந்த வெள்ளையைப் பார்த்தால் நம்பிவிடுவார். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் மீன் நிம்மதியாக இருக்கும். 2-க்குக் கீழே போனால் பெரும்பாலான மீனுக்குத் திணறல்தான்.

அப்புறம் பரிசல். முதல் நாள் மாலை போட்ட வலையை எடுப்பார்கள். மேட்டூர்ப் பக்கம் ரங்கூன் வலை என்பார்கள். வெவ்வேறு கண் அளவில் வலை போட்டால்தான் சிறிசும் பெரிசும் வரும். வருகிற ஒவ்வொரு மீனையும் நீளம் பார்த்து, எடை போட்டு, ஆணா பெண்ணா, சினை இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். சிலவற்றில் செதில் எடுப்போம், சிலவற்றில் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை எடுப்போம். அதைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் வளையம் தெரியும், வயது ஓரளவு கிடைக்கும். ஓரளவுதான். குளிர்நாட்டு மீனில் வளையம் தெளிவாக விழும். நம்மூர் மீனில் வருஷ வளையம் எது, பட்டினி வளையம் எது என்று பிரிப்பதற்குள் கண் பூத்துப்போகும். குடலையும் திறந்து பார்க்க வேண்டும். என்ன தின்றது என்று தெரிந்தால், அந்த ஆற்றில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதும் தெரியும்.

மீன் வேலை முடிந்ததும் ஆற்றை அளக்கிற வேலை. புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் அலட்சியமாகச் செய்வார்கள். எத்தனை ஆழம், அடியில் பாறையா, கூழாங்கல்லா, மணலா, சேறா, கரையில் நாணல் இருக்கிறதா, நிழல் விழுகிறதா, மாடு இறங்குகிறதா, அத்தனையும் எழுத வேண்டும். ஓட்டத்தின் வேகத்தைப் பார்க்க விலை உயர்ந்த கருவி உண்டு. அது இல்லாத நாளில் ஓர் எலுமிச்சம்பழம் போதும். பத்து மீட்டருக்குக் கயிறு கட்டி, பழத்தை விட்டு, கடிகாரம் பார்த்து, வருகிற வேகத்தை 0.85-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும், மேல்மட்ட ஓட்டம் எப்போதும் கொஞ்சம் வேகமாக இருக்கும் என்பதால். கருவி பழுதாகி மாதக்கணக்கில் வராத அலுவலகங்களில் எலுமிச்சம்பழம்தான் பாதி ஆராய்ச்சியை நடத்தியிருக்கிறது.

மாலையில் கரையில் இருக்கும் பெரியவர்களிடம் பேச்சு. “உங்க சின்ன வயசுல வந்து இப்ப வராத மீன் எது?” இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில், பல வருடப் பதிவேடுகளில் இல்லாத தகவலைத் தரும். மீதி நாளெல்லாம் எக்ஸெல், புள்ளியியல், அறிக்கை, மறுபடி எக்ஸெல். களம் கால் பங்கு, கம்ப்யூட்டர் முக்கால் பங்கு. கணக்குப் பிடிக்காமல் இயற்கையை மட்டும் ரசிக்க வருகிறவர்கள் இதிலேதான் சோர்ந்துபோகிறார்கள். புள்ளியியலுக்கான ‘ஆர்’ என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

நொய்யலில் தாராளமாகச் செய்யலாம். பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாடு அதன் பிறகுதான் இறுகியது. இப்படி அடிபட்ட ஆற்றில் எந்த மீன் முதலில் திரும்புகிறது, எது திரும்பவே இல்லை, அடிச்சேற்றில் என்ன தங்கியிருக்கிறது? நல்ல ஆற்றில் பட்டியல் போடுவதைவிட இது பெரிய ஆராய்ச்சி. உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம் வேறு.

விலங்கியல்காரர்களுக்குப் போக இடங்கள்: டேராடூன் வனவிலங்கு நிறுவனம், கோவையில் சலீம் அலி மையம், பெங்களூரில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆராய்ச்சி அமைப்பு. ஏட்ரீயின் அகத்தியமலைக் கிளை மணிமுத்தாறில் இருக்கிறது, தாமிரபரணியில் வேலை செய்கிறார்கள். மேற்கு வங்கத்தில் பாரக்பூரில் 1947-இல் தொடங்கிய மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு பெங்களூரில் ஒரு மையம் உண்டு. திட்ட உதவியாளர் வேலை அங்கே அவ்வப்போது வரும். சம்பளம் சுமார், அனுபவம் நிறைய.

அறுபது வயசு தாண்டிடுச்சுங்க. சின்ன வயசிலிருந்து பரிசல். முன்னெல்லாம் வலையில வந்த மீனு எதுவும் இப்ப வரதில்லை. கட்லா, ரோகு, ஜிலேபிதான். பழைய மீனெல்லாம் எங்க போச்சு?
*- மீனவர், பென்னாகரம் அருகே*

ஐயா, இதை நீங்கள் என்னிடம் கேட்பதே சங்கடமாக இருக்கிறது. உங்களைப் போன்றவர்களிடம் கேட்டுத்தான் நாங்கள் எழுதினோம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், விட்டதை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடலிலிருந்து ஏறி வந்தவை. உல்லம் என்ற மீன், வங்காளிகள் ஹில்சா என்று உயிரை விடுவார்களே அதுதான், ஒரு காலத்தில் வெள்ளத்தோடு கொள்ளிடம் வழியாகக் காவிரியில் ஏறியது. 19-ஆம் நூற்றாண்டில் மேலணையும் கீழணையும் வந்தன. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தது. 120 அடி தண்ணீர் நிற்கிற சுவரை எந்த மீன் தாண்டும்? உல்லம் வருவது நின்றது. ஆற்று இறாலுக்கும் இதே கதைதான். அது முட்டை பொரிக்க உப்புக்கலந்த முகத்துவாரம் வேண்டும், குஞ்சு மறுபடி கரையோரமாக ஊர்ந்து மேலே ஏற வேண்டும். விலாங்கு உல்லத்துக்கு நேர் எதிர், ஆற்றில் வளர்ந்து கடலில் போய் முட்டையிடும். போக வர இரண்டு வழியும் அடைத்தாயிற்று. தண்ணீர்ப் பங்கீட்டுக்காகப் போட்ட கதவில் மீனுக்கு ஒரு சந்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. ஃபிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்கார அதிகாரி 1873-லேயே அணைக்கட்டுகள் மீன்வழியை அடைப்பதைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதியிருக்கிறார். படித்தார்கள், கோப்பில் வைத்தார்கள்.

அடுத்தது நம் சொந்தக் கெண்டைகள். இவை கடலுக்குப் போகாதவை, ஆனால் ஆடி வெள்ளம் வந்தால்தான் சினையை இறக்கும். செந்தண்ணீர் ஏற வேண்டும், கரையோரப் புல் மூழ்க வேண்டும், ஓட்டம் வேண்டும். நம் கணக்கில் தண்ணீர் திறப்பது பயிருக்கு. ஜூன் 12 என்று தேதி வைத்துத் திறக்கிறோம், திடீரென்று குறைக்கிறோம். முட்டையிட்ட கரை மறுநாள் காய்ந்து கிடக்கும். தேங்கிய தண்ணீரோடு ஒத்துப்போகிற மீன்தான் நீர்த்தேக்கத்தில் தங்கும். அந்த இடத்துக்கு வடக்கிலிருந்து கட்லாவையும் ரோகுவையும் கொண்டுவந்து விட்டார்கள். உங்கள் வருமானம் அதனால் கூடியது, அதை மறுக்கவில்லை. ஜிலேபி 1952-இல் வெளிநாட்டிலிருந்து வந்தது. குஞ்சை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும். அதோடு போட்டிபோட நம் ஆட்களால் முடியவில்லை.

மூன்றாவது மடு. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோடையில் ஆறு கால் நனைகிற அளவுக்கு வற்றினாலும் பாறை இடுக்கில் ஆள் மூழ்குகிற ஆழம் இருக்குமே, பெரிய மீனெல்லாம் நாலு மாதம் அங்கேதான் உயிர் பிடித்துக்கொண்டு இருக்கும். தோட்டா போடுகிறவனுக்கும் அந்த இடம் தெரியும். ஒரே வெடியில் பல வருடத்துத் தாய்மீன் போய்விடும். தோட்டாவும் விஷமும் போட்டு மீன் பிடிப்பது 1897-ஆம் வருடச் சட்டத்திலேயே குற்றம். பிடித்துக் கொடுத்தால் பகை வரும் என்பதும் எனக்குத் தெரியும்.

உங்கள் பக்கத்தில் இப்போது ஒரு நல்லது நடந்திருக்கிறது. 2022-இல் தருமபுரி, கிருஷ்ணகிரி காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள். நீர்நாய், முதலை, ஆமை எல்லாம் அதில் வரும். ஆனால் சரணாலயம் என்றதும் மீனவரை வெளியே நிறுத்துகிற பழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்த மடுவில் எந்த மீன் என்று தெரிந்தவரை வெளியே நிறுத்திவிட்டு யாரை வைத்துக் கணக்கெடுப்பது?

தலைவர் பிறந்தநாளுக்கு ஆற்றில் ஒரு லட்சம் மீன்குஞ்சு விடலாம் என்று எங்கள் மன்றத்தில் முடிவு செய்திருக்கிறோம். எந்தக் குஞ்சு நல்லது?
*- மன்றச் செயலாளர், கரூர்*

எதுவும் வேண்டாம். அன்னதானம் செய்யுங்கள்.

கோபப்படாதீர்கள், காரணம் சொல்கிறேன். காவிரியில் பூமீன் கெண்டை, பொம்மீன் என்றெல்லாம் சொல்வார்களே, அந்த மகசீர் இனத்தில் முதுகு திமில்போல உயர்ந்த ஒன்று உண்டு. காவிரியையும் அதன் கிளைகளையும் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாதது. 50 கிலோவுக்கு மேல்கூட வளரும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தூண்டில்காரர்கள் இதைத் தேடியே வந்தார்கள். 1970-களில் மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் வேறொரு மகசீரை, நீலத் துடுப்பு உள்ளதை, பொரிக்க வைப்பதில் வெற்றி கண்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் அந்தக் குஞ்சுகளைப் பல ஆறுகளுக்கு அனுப்பினார்கள், காவிரிக்கும் வந்தது. வந்தது செழித்தது, திமில் மகசீர் மறைந்தது. கொடுமை என்னவென்றால், அது மறையத் தொடங்கிய காலத்தில் அதற்கு முறையான அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்து, அது டோர் ரேமாதேவி என்று 2018-இல்தான் உறுதி செய்தார்கள். அதே வருடம் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ‘மிக அபாயத்தில்’ என்ற வரிசையில் ஏறிவிட்டது. பெயர் சூட்டுவிழாவும் அபாய அறிவிப்பும் ஒரே வருடத்தில்.

இது விஞ்ஞானிகளும் நிர்வாகமும் சேர்ந்து யோசித்துச் செய்த காரியத்தின் விளைவு. கடையில் வாங்கிய குஞ்சை மன்றத்தார் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூட்டைக்குள் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்தாயிற்று, இன்றும் பல இடங்களில் வளர்க்கிறார்கள். கண்ணாடித் தொட்டி சுத்தம் செய்ய வாங்கும் ‘டேங்க் கிளீனர்’ மீன் வலையில் மாட்டினால் வலையே கிழிகிறது என்று மீனவர்கள் திட்டுகிறார்கள். அது ஆற்றுக்கும் ஏரிக்கும் வந்ததே, யாரோ பாவம் பார்த்துக் கொண்டுவந்து விட்டதால்தான்.

ஆற்றில் மீன் விடவே கூடாதா என்றால், விடலாம். 2020-இல் வந்த பிரதமர் மத்சய சம்பதா திட்டத்திலேயே அதற்கு ஏற்பாடு உண்டு. அதே ஆற்றில் பிடித்த தாய்மீன், அதன் குஞ்சு, ஓரளவு வளர்ந்த பிறகு, சரியான பருவத்தில், துறை ஆட்களோடு. இதற்கு மேளமும் மேடையும் சரிவராது. ஏற்கெனவே வசூலான பணம் இருந்தால், ஆற்றில் அறுந்து கிடக்கும் நைலான் வலைத் துண்டுகளைப் பொறுக்க நாலு பரிசலுக்குக் கூலி கொடுங்கள். ஆள் இல்லாத வலை வருடக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும்.

தடுப்பணை கட்டினால் தண்ணீர் நிற்கும், மீனும் பெருகும் என்கிறார்கள். நீங்கள் ஆற்றை ஓட விடச் சொல்கிறீர்களாமே? மணல் அள்ளிய பள்ளத்திலும் மீன் தங்காதா?
*- விவசாயி, முசிறி*

நிலத்தடி நீருக்குத் தடுப்பணை வேண்டும் என்று நீங்கள் கேட்டால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன். மீன் பெருகும் என்று மட்டும் அதற்குக் காரணம் சொல்லாதீர்கள். நின்ற தண்ணீரில் ஜிலேபி பெருகும். கூழாங்கல்லில் ஒட்டிய பாசியைச் சுரண்டித் தின்கிற மீன், ஓட்டத்தில் எதிர்நீச்சல் போடுகிற மீன், அயிரை மாதிரி மணலை நம்பி இருப்பது எல்லாம் குறையும். கட்டுகிறபோதே ஓரத்தில் சாய்வாகக் கல் அடுக்கி ஒரு மீன்படி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மொத்தச் செலவில் அது சிறு தொகைதான். சால்மனுக்கு என்று வெளிநாட்டில் வரைந்த படத்தை அப்படியே போட்டால் நம் மீன் ஏறாது என்பது உண்மை. சால்மன் தாவும், நம் கெண்டை தவழ்ந்த மாதிரிப் போகும். நம் மீனின் நீச்சல் வேகத்தை அளந்து வரைய வேண்டும். அதை அளப்பதற்கு ஆள் வேண்டும் என்றுதான் இத்தனை கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்து முடித்தது 2024-இல். அந்த இலையுதிர் காலத்திலேயே சால்மன் அணை இருந்த இடத்தைத் தாண்டி மேலே போனது. மேட்டூரை இடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். டெல்டாவில் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். வழி திறந்தால் மீனுக்கு வரத் தெரியும் என்பதற்காகச் சொன்னேன்.

மணலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மணல் அள்ளிய பள்ளம் மடு ஆகாது. மடு பாறையில், வளைவில், ஓட்டத்தால் உண்டானது. பள்ளத்தில் சேறு நிற்கும், ஆகாயத்தாமரை நிற்கும்.

பெண் பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பலாமா?
*- ஒரு தாய், சத்தியமங்கலம்*

அனுப்பலாம். நான் போனேன். இப்போது மீன்வளக் கல்லூரி வகுப்புகளில் பெண்கள் நிறைய.

சிரமம் எங்கே என்று கேட்டால் யானையும் முதலையும் இல்லை. நாள் முழுக்க ஆற்றில் நிற்கும்போது ஒதுங்க இடம் இருக்காது. தண்ணீர் குடிக்காமல் சமாளித்துச் சிறுநீர்த் தொற்று வாங்கிய பெண் ஆராய்ச்சியாளர்கள் என் தலைமுறையில் அதிகம். உங்கள் மகள் தண்ணீர் குடிக்கட்டும், வண்டியில் ஒரு மடக்குக் கூடாரம் வேண்டும் என்று கூச்சப்படாமல் கேட்கட்டும். நனைந்த சேலையும் தாவணியும் பரிசலில் ஆபத்து. சீக்கிரம் காய்கிற பேன்ட், முழுக்கைச் சட்டை. ஊரில் தங்க நேர்ந்தால் மீனவர் வீட்டுப் பெண்களிடம் பேசட்டும். விற்பனை அவர்கள் கையில்தான், எந்த மீன் எப்போது வந்தது என்பது ஆண்களைவிட அவர்களுக்கு நினைவிருக்கும். ஆண் ஆராய்ச்சியாளர் பலர் அந்தத் திண்ணைப் பக்கம் போனதே இல்லை.

ஆற்று மீனைச் சாப்பிடலாமா? நீங்கள் சாப்பிடுவீர்களா?
*- வாசகர், சேலம்*

சாப்பிடுவேன். அயிரைக் குழம்பு என்றால் கூப்பிடாமலே வருவேன். ஆலைக்கழிவோ சாக்கடையோ கலக்கிற இடத்துக்குக் கீழே பிடித்ததைத் தொடமாட்டேன். ஆடி மாதம் சினையோடு வருகிற கெண்டையையும் வாங்குவதில்லை. இது என் சொந்த வைராக்கியம், யாருக்கும் சட்டம் இல்லை.

எங்கள் ஊர் ஆற்றில் திடீரென்று மீன் செத்து மிதந்தது. அதிகாரிகள் வருவதற்குள் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்படி நடந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
*- இளைஞர் குழு, நாமக்கல் மாவட்டம்*

முதலில் நேரத்தைக் குறியுங்கள். விடியற்காலையில் செத்திருந்தால் ஆக்சிஜன் குறைவு என்று சந்தேகப்படலாம். அதில் பெரும்பாலும் பெரிய மீன் முதலில் சாகும், சிறிசு நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு தப்பிக்கப் பார்க்கும். விராலும் தேளியும் காற்றை நேராகச் சுவாசிக்கத் தெரிந்தவை, அவை பிழைத்துவிடும். பட்டப்பகலில் செத்து, பொடிமீன் முதலில் போய், விராலும் சேர்ந்து மிதந்தால் நஞ்சு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கோடை முடிந்து முதல் மழை அடித்துக்கொண்டு வரும் கழிவாலும் சாகும். அதனால் பார்த்ததும் ஏதோ ஓர் ஆலையின் பெயரைச் சொல்லி வீடியோ போட்டுவிடாதீர்கள்.

கழுவிய கண்ணாடி பாட்டிலில் விளிம்பு வரை தண்ணீர் பிடியுங்கள். செத்த இடத்தில் ஒன்று, அதற்கு மேலே நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்று. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதால் பயனில்லை. துடித்துக்கொண்டிருக்கிற, இல்லை இப்போதுதான் செத்த மீனைப் பையில் போட்டு ஐஸில் வையுங்கள். கண் வெளுத்து வயிறு ஊதியதை ஆய்வகத்தில் எடுத்து ஒன்றும் சொல்ல முடியாது. செவுளைத் திறந்து நிறம் தெரிய போட்டோ எடுங்கள். எந்த இனம், தோராயமாக எத்தனை என்று எழுதுங்கள். மீன்வளத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இரண்டுக்கும் அன்றைக்கே எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அந்த மீனை யாரும் குழம்புக்கு எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் கஷ்டமான வேலை.

இந்த வேலைக்கு நீச்சல் தெரிய வேண்டுமா?
*- பத்தாம் வகுப்பு மாணவன், பவானி*

தெரிய வேண்டும். கூடுதுறையில் குதிக்கத் தெரியும் என்று அதோடு நிறுத்திக்கொள்ளாதே. ஓட்டத்தில் காலை முன்னால் நீட்டி மல்லாந்து மிதக்கப் பழகு, பாறை வந்தால் கால் தாங்கும், தலை தப்பும். பரிசலில் ஏறும்போது மிதவைச் சட்டை போடு, பரிசல்காரர் சிரித்தாலும் போடு. மேட்டூரில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று காலையில் பார்த்துவிட்டுத்தான் ஆற்றில் கால் வைக்க வேண்டும். பத்தாவதில் கணக்கை விட்டுவிடாதே. பெரியவர்கள் யாரும் இல்லாமல் இறங்காதே.